பெயரா, வசையா? இனப்பெயர்கள் குறித்த கேள்வி பதில்

பிற இனத்தவரைக் குறிக்க நாம் அன்றாடம் சொல்லும் சொற்களில் எவை இழிவானவை என்று உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். சொல்வரலாறு மட்டுமே என் துறை, சட்டம் அன்று.

கேள்வி: பறங்கிக்காய், துலுக்கச் சாமந்தி ஆகிய சொற்களையும் கைவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 'பறங்கி' ஐரோப்பியரையும் 'துலுக்க' முஸ்லிம்களையும் சுட்டினாலும், அவை காய்க்கும் பூவுக்கும் இட்ட பெயர்கள்; அவற்றைச் சொல்லி நாம் எந்த மனிதரையும் கூப்பிடுவதில்லை. ஆனால் ஒரு முஸ்லிமைத் 'துலுக்கன்' என்பது வேறு. துருக்கர் என்பதன் திரிபுதான் அது என்று சமாதானம் சொல்பவர்கள், இறுதியில் நிற்கும் 'அன்' விகுதியைக் கவனிப்பதில்லை. தமிழில் இழிவு பாதி நேரம் விகுதியில்தான் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: 'வடக்கன்' என்பது திசையைத்தானே சொல்கிறது?

பதில்: மேலே சொன்ன விகுதியை இங்கும் பாருங்கள். ஒரு கட்டுமானப் பணியிடத்தில் மேற்பார்வையாளர் ஒருவர், 'டேய் பீகாரி' என்று குரல் கொடுத்ததைக் கேட்டிருக்கிறேன். நான்கு பேர் ஒருசேரத் திரும்பினார்கள். நால்வர் கழுத்திலும் பெயர் அச்சிட்ட அட்டை தொங்கியது. அவர்களில் இருவர் ஒடிசாக்காரர்கள். தென்னிந்தியர் அனைவரையும் 'மதராசி' என்று ஒரே சொல்லில் அடக்கியபோது நமக்கு உறைத்தது இதுவேதான்.

கேள்வி: மலேசியாவில் 'கெலிங்' என்றால் தமிழர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்? கலிங்கத்திலிருந்து வந்த பெருமைக்குரிய பெயர் அல்லவா?

பதில்: கலிங்கம் என்ற வேரைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். பழைய மலாய் இலக்கியத்தில் அச்சொல் தென்னிந்திய நிலத்தையும் மக்களையும் இழிவின்றியே குறித்தது. பினாங்கில் 1801இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய பள்ளிவாசலும், அவர்களின் தலைவரான 'கப்பித்தான் கெலிங்' பெயரையே இன்றுவரை தாங்கி நிற்கிறது. பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூட்டங்கூட்டமாக ஆட்கள் கொண்டுவரப்பட்டு, தமிழர் என்றாலே தோட்டக் கூலி என்ற எண்ணம் வேரூன்றிய நிலையில், வணிகரையும் மாலுமியையும் குறித்த அதே பெயர் தெருவில் எறியப்படும் கல்லாக மாறியது. பள்ளிவாசலின் பெயரைச் சொல்வது குற்றமன்று. அடுத்த வீட்டுக்காரரை அப்படி அழைப்பது குற்றம்.

மறுப்பு: தவறு. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் கால்விலங்கு எழுப்பிய ஓசையிலிருந்தே அச்சொல் வந்தது என்று எங்கள் பாட்டனார் சொல்வார்.

பதில்: பாட்டனார் மீது மதிப்பு உண்டு, ஆனால் ஆங்கிலேயர் கைதிகளைக் கப்பலில் கொண்டுவரும் முன்பே, பல நூற்றாண்டுகளாக அச்சொல் மலாயில் புழங்கியது. சொல்வரலாறாக அக்கதை நிற்காது. எனினும், கேட்பவர் காதில் அச்சொல் எவ்வாறு விழுந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் எனக்குக் கிடைத்ததில்லை.

கேள்வி: வேர் நல்லதாக இருந்தால் சொல்லும் நல்லதுதானே?

பதில்: இதே கேள்வியை மூன்றாம் முறை கேட்கிறார்கள். 'கூலி' என்றால் நமக்கு உழைப்பின் ஊதியம். 1860 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சென்றிறங்கிய தென்னாப்பிரிக்காவிலோ, இந்திய வழக்கறிஞரையும் அச்சொல்லாலேயே ஏசினார்கள். வேர்ச்சொல்லைக் காட்டித் தப்பிக்காதீர்கள்.

கேள்வி: நம்மை மற்றவர்கள் ஏசியதை மட்டுமே பேசுகிறீர்கள். தமிழர்கள் தமிழரை இப்படி அழைத்ததில்லையா?

பதில்: இன்று வந்தவற்றுள் நல்ல கேள்வி. இலங்கையில், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து சென்றவர்களின் வழிவந்த மலையகத் தமிழரைக் 'கள்ளத்தோணி' என்றும் 'தோட்டக்காட்டான்' என்றும் சொன்னவர்களில் தமிழரும் உண்டு; முதற்சொல்லைச் சிங்களமும் அப்படியே எடுத்துக்கொண்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம், அவர்களைக் கேட்காமலேயே, 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று பங்கு பிரித்தது. இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவரை 'கள்ளமாய் வந்தவர்' என்று நாள்தோறும் அழைத்துப் பழகிய நாட்டில், அப்படிப் பங்கு பிரிப்பது எளிதாயிற்று என்பது என் கருத்து.

கேள்வி: நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லையே?

பதில்: நான்காம் முறை. மேலே சொன்னவற்றையே மீண்டும் படியுங்கள்.

கேள்வி: கோபத்தில் 'குறவன்', 'சண்டாளன்' என்று திட்டினால் வழக்கு வருமா?

பதில்: இரண்டும் தமிழகத்தின் பட்டியல் சாதியினர் பட்டியலில் உள்ள சாதிகளின் பெயர்கள். வழக்கைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.