மருமகன் போட்டுத் தரும் மென்பொருள் போதுமா?

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். ஊழியர்கள் 6 பேர். கணக்குக்கும் சரக்கு இருப்புக்கும் மாதச் சந்தா மென்பொருளை வாங்கச் சொல்கிறார் ஒரு விற்பனையாளர். பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகனோ, "ஓடூன்னு ஒரு வணிக மென்பொருள் இருக்கு, இலவசம் மாமா, நானே போட்டுத் தர்றேன்" என்கிறான். எதை எடுப்பது?

பதில்: உங்கள் மருமகன் சொல்வது பாதி சரி. ஓடூவின் கம்யூனிட்டி பதிப்புக்குக் காசில்லை. ஆனால் முழுமையான கணக்குப் பகுதி, சந்தா கட்டும் என்டர்பிரைஸ் பதிப்பில்தான் வருகிறது. கணக்கும் இலவசமாக வேண்டுமென்றால் மும்பைக்காரர்கள் எழுதிய இஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது. அது ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்; நல்ல மென்பொருளும்கூட. சரி, இதையெல்லாம் நாமே ஓட்டினால் சர்வர் வாடகையை யார் கட்டுவது? தினமும் பேக்கப் எடுப்பது யார்? தீபாவளிக்கு முந்தின வாரம் ரசீது அடிக்காமல் நின்றுவிட்டால், படிப்பு முடிந்து தேசிய சேவைக்குப் போய்விட்ட மருமகனை முகாமிலிருந்து கூப்பிட முடியாது.

இன்னொன்று வரி. பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 என்று இரண்டு புத்தாண்டுகள் அடுத்தடுத்து மாறியது. இப்போது இன்வாய்ஸ்நவ் என்ற மின்ரசீது இணைப்பு வந்திருக்கிறது: விருப்பத்தின் பேரில் அந்த வரிக்குப் புதிதாகப் பதிவோர், 2026 ஏப்ரல் 1 முதல் ரசீது விவரங்களை அந்த இணைப்பு வழியாக வரி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கும் படிப்படியாக வரும். எந்த மென்பொருளானாலும் இதோடு இணையுமா என்று முதலில் கேளுங்கள்.

ஆக, கணக்குக்குச் சந்தா மென்பொருளையே எடுங்கள் என்பேன். ஆனால் கையெழுத்துப் போடுமுன், வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியலையும் சரக்குப் பட்டியலையும் எக்செல் கோப்பாக உங்கள் கண்ணெதிரே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு கடைக்காரருக்கு, பழைய மென்பொருளை விட்டு வெளியேறும்போது கிடைத்தது 400 பக்க பிடிஎஃப் மட்டுமே. அத்தனையையும் இரண்டு பேர் மூன்று வாரம் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். ஓப்பன் சோர்ஸில் இந்தத் தலைவலி குறைவு. தரவுத்தளமே உங்கள் கையில் இருக்கும்.

அப்புறம், மென்பொருள் வாங்க அரசு தரும் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் 50 விழுக்காடு வரை கிடைக்கலாம். முன்கூட்டியே அங்கீகரித்த தொகுப்புகளுக்கு மட்டும்தான் அது. விண்ணப்பிக்கும் முன் முன்பணம் ஒரு வெள்ளி கொடுத்தாலும் தகுதி போய்விடும். விற்பனையாளர் அவசரப்படுத்துவார், அசையாதீர்கள்.

கடிதம், விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் தாராளம். 6 கணினிக்கும் சந்தா கட்ட வேண்டியதில்லை. மருமகனுக்கும் வேலை வைத்திருக்கிறேன்: மாதக் கடைசியில் கணக்கு முழுவதையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, லிப்ரெஆபிஸில் திறந்து பார்க்கட்டும். வரி ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும், சந்தாவை இடையில் நிறுத்தினாலும்.