புதுக் காடிக்குத் தெளிவான பாதுகாப்பு பிலிம் தேவையா, செராமிக் கோட்டிங் போதாதா?

புதுக் காடி, அதாவது புதுக் கார், என்று மட்டும் கேள்வியில் போட்டிருக்கிறீர்கள். என்ன காடி, எந்தப் பக்கம் ஓட்டுகிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் சேல்ஸ்மேன் செராமிக் போதும் என்கிறார், கூட்டாளி பிலிம் ஒட்டச் சொல்கிறார் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், காடி கைக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்காது, ஒன்பது வருஷக் கடன், முதல் கோடு எப்போது விழுமோ என்று ராத்திரி போர்ச் விளக்கைப் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். தோட்டப் பக்கம் ஓட்டுகிறவர் என்றும் நானே வைத்துக்கொள்கிறேன். கோலாலம்பூரில் கொண்டோவுக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் நான் சொல்வதில் பாதி உங்களுக்கு வேண்டாம்.

நான் ஸ்லிம் ரிவர் பக்கம். செம்பனை ஆலையில் லோரி எடை போடும் இடத்தில் வேலை. காடி வெள்ளை எக்ஸ்50. இதைச் சொன்னதுமே 'புரோட்டனுக்கு எதுக்குப்பா பிலிம்' என்று சிரிக்கிறவர்கள் உண்டு. என் சொந்தத்திலேயே ஒருத்தர், தீபாவளிக்குக் கிள்ளானில் இருந்து ஜெர்மன் காடியில் வந்து இறங்கி, என் பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, காடி விலையில் பாதியை ஒட்டுறதுக்கே விட்டுட்டியா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பாதியெல்லாம் இல்லை, முன்பக்கம் மட்டும்தான் ஒட்டினேன். அது இருக்கட்டும். லோரி டயரில் இருந்து பறந்து வரும் கல், இது ஜெர்மனியில் செய்ததா தஞ்சோங் மாலிமில் செய்ததா என்று பார்த்துவிட்டா அடிக்கிறது? அவருக்கு வருஷா வருஷம் காடி மாற்ற வசதி இருக்கிறது. எனக்குக் கடன் முடியும்வரை இதே காடிதான், அதனால் பாதுகாக்க வேண்டியவன் நான்தான்.

செராமிக் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். செராமிக் என்பது சாயத்தின் மேல் காய்ந்து நிற்கும் மிக மெல்லிய ஒரு பூச்சு, தடிமன் ஓரிரு மைக்ரான் வரும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). தண்ணீர் முத்து முத்தாக ஓடும், அழுக்கு சுலபமாகப் போகும், பளபளப்பு நிற்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் கல்லைத் தடுக்காது. 9எச் கடினம் என்று போட்டிருப்பார்களே, அது பென்சிலால் கீறிப் பார்க்கும் அளவு, வைரம் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாதுகாப்பு பிலிம் வேறு சாதி, சாயத்தின் மேல் ஒட்டும் தெளிவான பிளாஸ்டிக் தாள். நல்ல பிலிம் 150 முதல் 200 மைக்ரான் தடிமன் இருக்கும், அதாவது பாக்டரியில் அடித்த மொத்தச் சாயமும் எவ்வளவு கனமோ, ஏறக்குறைய அதற்குச் சமம் அல்லது அதற்கும் மேல். கல் வந்து மோதினால் அந்த அடியை அது வாங்கிக்கொள்ளும். அமெரிக்க ராணுவம் வியட்னாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க இந்த மாதிரிப் பிலிமைத்தான் ஒட்டியது. அங்கிருந்துதான் பந்தயக் காடிக்கு வந்து, இப்போது காடிக் கண்ணாடிக்குக் கருப்பு ஒட்டும் நம்ம ஊர் டின்டட் கடைவரை வந்திருக்கிறது. செராமிக் வேலைக்காகாது என்று நான் சொல்லவில்லை, அந்த வியாபாரம் பண்ணுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதை வைத்துக்கொண்டு லோரிக்குப் பின்னால் போனால் கல் பட்ட இடம் பெயர்ந்துதான் வரும், அவ்வளவுதான்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? இதற்கு என் மச்சான் கதையைச் சொல்ல வேண்டும்.

மச்சான், அதாவது என் தங்கை வீட்டுக்காரர், அவரும் வெள்ளைக் காடிதான். வாங்கும்போதே 'பிலிம் ப்ரீ' என்று சேர்த்துக் கொடுத்தார்கள். முழுக் காடிக்கும்! எனக்கு அப்போதே சந்தேகம். ஏனென்றால் முழுக் காடிக்கும் நல்ல பிலிம் ஒட்ட நான் விசாரித்தபோது கேட்ட விலையில் ஒரு புது கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளே வாங்கலாம் போல இருந்தது. அதை யார் சும்மா கொடுப்பார்கள்? என்ன பிலிம், ரோல் நம்பர் என்ன, வாரண்டி அட்டை எங்கே என்று கேளுங்கள் மாப்ள என்றேன். ப்ரீயா கொடுக்கறதுல என்ன கேள்வி என்றார். அவர் பக்கமும் நியாயம்தான், சும்மா வருகிற சாப்பாட்டில் யாராவது உப்பு குறைவு என்பார்களா.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஓரமெல்லாம் மஞ்சள். முதலில் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்திருக்கிறார். கதவுக்குப் பக்கத்தில் பார்த்தால் பழைய பிளாஸ்டிக் வாளி நிறம். கருப்புக் காடி என்றால் தெரிந்திருக்காது, வெள்ளையில் மறைக்க முடியுமா? கழற்றிவிடலாம் என்று வேறு ஒரு கடைக்குக் கொண்டுபோனோம், நானும் கூடப் போனேன். அங்கேதான் தெரிந்தது, அது பிவிசி என்கிற மலிவு பிளாஸ்டிக். சூடு காட்டி இழுத்தால் முழுசாக உரிந்து வர வேண்டிய பிலிம் துண்டு துண்டாக உடைந்து வந்தது, பசை மொத்தமும் சாயத்திலேயே தங்கிவிட்டது. அந்தப் பையன்கள் பாவம், மருந்து போட்டுப் போட்டுப் பசையைத் துடைத்தே ஓய்ந்துபோனார்கள். அதைவிடப் பெரிய கொடுமை பம்பரில். நடுவில் ஒருதரம் பின்பம்பர் லேசாக இடித்து, பட்டறை போர்மேன் ஒருத்தர் சாயம் அடித்து, அது காய்வதற்குள் அதன்மேல் திரும்பப் பிலிம் ஒட்டிக்கொடுத்திருக்கிறார்கள். உரிக்கும்போது சாயமும் சேர்ந்தே வந்துவிட்டது, உள்ளங்கை அகலத்துக்கு. ப்ரீயாக வந்த பிலிமைக் கழற்றியதற்கு அவர் கொடுத்த காசில் என் முன்பக்கத்துக்கே ஒட்டியிருக்கலாம். விற்ற இடத்தில் போய்க் கேட்டால் அந்த சேல்ஸ்மேன் இப்போது இங்கே இல்லை என்றார்கள். எப்போதும் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது பிராண்டு இல்லை, சரக்கு என்ன என்று கேளுங்கள். டிபியு என்றால் பாலியூரித்தேன் வகை, அதுதான் வேண்டும். பிவிசி வேண்டாம். நடுவில் டிபிஎச் என்று ஒன்று விற்கிறார்கள், பேர் புதுசாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம், அதுவும் பிவிசியைக் கொஞ்சம் இளக்கிச் செய்ததுதான். டிபியுவிலேயும் அலிபாட்டிக், அரோமாட்டிக் என்று இரண்டு ஜாதி உண்டு. அரோமாட்டிக் வெயிலில் மஞ்சளாகும், அலிபாட்டிக் தாக்குப்பிடிக்கும். இதைக் கேட்டால் கடைக்காரர் முகத்தைப் பாருங்கள், அதிலேயே பாதி பதில் தெரிந்துவிடும். நான் போன ஒரு கடையில், பெரிய பட்டணத்துக் கடைதான், அந்தப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்து, 'அங்கிள் எஸ்டேட்டா? அங்கிளுக்கு இந்த பேக்கேஜ் போதும்' என்று கடைசிப் பக்கத்தைக் காட்டினான். எஸ்டேட் என்றால் மலிவுச் சரக்கு போதுமாம். எஸ்டேட் காடிதான் ஐயா அதிகமாக அடி வாங்குகிறது! அங்கேயே எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து போன இடத்தில் பிலிமில் ஒரு வெட்டுத் துண்டு கேட்டேன், தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார். நீங்களும் கேளுங்கள். கையால் இழுத்து விட்டால் டிபியு திரும்பச் சுருங்கிக்கொள்ளும், பிவிசி இழுத்தபடியே தொங்கும். மேல்பூச்சில் லேசாக நகத்தாலோ பித்தளை பிரஷாலோ கோடு போட்டு, சூடான தண்ணீர் ஊற்றினால் நல்ல பிலிமில் கோடு கண்முன்னால் மறையும். தானாக ஆறும் என்று விளம்பரத்தில் சொல்வது இதைத்தான். ஆனால் அது மேல்பூச்சில் விழும் மெல்லிய கோட்டுக்கு மட்டும். யாராவது பொறாமையில் சாவியால் ஆழமாகக் கிழித்தால் ஆறாது, அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். பெரிய கம்பெனிகள் 10 வருஷ வாரண்டி தருகின்றன, அது மஞ்சளாவது, வெடிப்பது, உரிவது மாதிரி பிலிமின் குறைகளுக்குத்தான், கல் பட்டுக் கிழிந்ததற்கு இல்லை. வாரண்டியை உங்கள் காடி நம்பரோடு பதிவு பண்ணித் தரச் சொல்லுங்கள். சும்மா ஒரு பளபள அட்டையை நீட்டினால் வாங்காதீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் சரக்கைவிட ஒட்டுகிற கைதான் முக்கியம். நல்ல பிலிமையும் தூசி பறக்கும் திறந்த கொட்டாயில் ஒட்டினால் உள்ளே மணல் மணலாகத் தெரியும். அந்தக் கடையில் பிலிமைப் பிளாட்டரில், அதாவது கம்ப்யூட்டர் அளவு வைத்து வெட்டும் மிஷினில், வெட்டுகிறார்களா, காடி மேலேயே வைத்துக் கத்தியால் வெட்டுகிறார்களா என்று கேளுங்கள். காடி மேல் கத்தி என்றால் கை ஒரு மயிரிழை அழுந்தினாலும் சாயத்தில் கோடு விழும், அது பிலிமுக்கு அடியில் இருப்பதால் நீங்கள் பல வருஷம் கழித்துக் கழற்றும்போதுதான் பார்ப்பீர்கள். கதவு, பானெட் ஓரங்களை உள்பக்கம் மடித்து ஒட்டுகிறார்களா என்றும் பாருங்கள். மடிக்காத ஓரத்தில்தான் நம்ம செம்மண் போய் உட்கார்ந்து கோடு கோடாகக் கருக்கும். புதிதாக ஒட்டிய காடியைக் காட்டினால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒட்டிய காடி ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றேன், தவுக்கே தன் மகள் காடியையே காட்டினார். ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், அங்கேயே முன்பணம் கட்டினேன்.

நான் ஒட்டியது பானெட், முன்பம்பர், முன்பக்க மட்கார்ட், பக்கக் கண்ணாடி முதுகு, கதவுக்குக் கீழே ஓடும் பகுதி, அவ்வளவுதான். கூரைக்கு எந்தக் கல் வருகிறது? முழுசும் ஒட்டு என்று உங்களைத் தள்ளுவார்கள், காசு இருந்தால் ஒட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆலையில் இருந்து மெயின் ரோடு வரை எங்களுக்குக் கல்லும் செம்மண்ணும் போட்ட பாதை, முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி, பின்னாலும் லோரி. அடி வாங்குவது முழுக்க முன்பக்கமும் சக்கரத்துக்குப் பின்னாலும்தான். பாதி ஒட்டினால் வெள்ளையில் ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் வேறுபடும் என்று ஒருத்தர் வந்து எழுதுவார் என்று தெரியும். நல்ல சரக்காக இருந்தால் என் கண்ணுக்குத் தெரியவில்லை. உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் முழுசும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒட்டின பிறகு சில நாட்களுக்கு உள்ளே தண்ணீர்த் தேக்கம் மாதிரி மங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம், சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் ஒட்டுகிறார்கள், அது காய்ந்துவிடும். காற்றுக் குமிழி என்றால் காயாது, திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு வாரம் கழுவாதீர்கள். அப்புறமும் தண்ணீர்த் துப்பாக்கியை ஓரத்துக்குப் பக்கத்தில் வைத்து அடிக்க விடாதீர்கள், காடி கழுவும் கடைப் பையன்களுக்கு இதைச் சொல்லாவிட்டால் தெரியாது. எங்கள் ஆலையில் பாய்லருக்குச் செம்பனை நாரும் கொட்டை ஓடும்தான் எரிக்கிறார்கள், காலையில் வந்து நிறுத்தினால் சாயங்காலம் பானெட் முழுக்கக் கரித்தூள். அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் பிலிமாவது சாயமாவது, எதுவும் தப்பாது. முதலில் தண்ணீர் ஊற்றி இறக்கிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும். மைனா எச்சத்தையும் வெயிலில் காயவிடாதீர்கள், பிலிமிலும் கறை ஊறும்.

கல்யாணக் காடி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. வெள்ளைக் காடி வைத்திருந்தால் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு உங்களைத்தான் கேட்பார்கள். கொடுத்தேன். பூ ஜோடிக்கிறவன் பானெட்டில் ரெண்டு பக்கமும் பெரிய டேப்பை ஒட்டி, முடிந்ததும் ஒரே இழுப்பு. பிலிம் ஓரம் தூக்கிக்கொண்டது. நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு, நல்ல காரியத்துக்குக் கொடுத்த காடிக்குக் கணக்குப் பார்க்கிறான் என்று ஊரே பேசியது. என் மகள் கல்யாண ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இதே ஆட்கள் வீட்டில் மூன்று காடி நின்றது, ஆளைக் கூட்டிவர ஒன்று கேட்டேன், பேட்டரி வீக் என்றார்கள். மூன்றுக்கும் பேட்டரி வீக்! பிலிமைத் தவுக்கே காசு வாங்காமல் சூடு காட்டி அமுக்கிக் கொடுத்தார், சீனர்தான், சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. இப்போது யார் கேட்டாலும் ரிப்பன் கட்டலாம், டேப் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அதோடு கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஹெட்லைட்டுக்கும் பிலிம் ஒட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒட்டலாம். இந்தக் காலத்து ஹெட்லைட் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட், வெயிலில் சில வருஷத்தில் மங்கி மஞ்சளாகும், பிலிம் அதைத் தள்ளிப்போடும். பம்பருக்கும் பானெட்டுக்கும் வெட்டியதில் மிச்சம் விழும் துண்டிலேயே ஹெட்லைட்டும் கதவுக் கைப்பிடிக் குழியும் ஒட்டிவிடலாம், விலை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசுங்கள். அந்த மிச்சத் துண்டுக்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், நான் கொடுக்கவில்லை.