கேம்பாய் எமுலேட்டர்: திரை ஏன் வெள்ளையாகவே நிற்கிறது?

அண்ணாச்சி, வணக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் பாளையங்கோட்டை போய் கல்லூரியில் படிக்கிறேன். பைத்தானில் சிப்-8 எமுலேட்டரை (பழைய கேம்களை கம்ப்யூட்டரில் ஓட்டும் புரோகிராம்) முடித்துவிட்டு, கேம்பாய் என்ற கையடக்க கேம் கருவிக்கு ஆரம்பித்தேன். ப்ராசசர் கட்டளைகளை எல்லாம் எழுதியாயிற்று. கேமை ஏற்றினால் எரர் இல்லை, திரை மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது. கிராபிக்ஸ் பகுதியை முதலிலிருந்து எழுதவா?
ஒரு மாணவர்

தம்பி,

கிராபிக்ஸில் இப்போது கை வைக்க வேண்டாம். கேம் அநேகமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஒரே லூப்பில். திரைக்கு 144 வரி, அதன்பின் 10 வரி நேரம் ஓய்வு. பல கேம்கள், இப்போது எந்த வரி என்று சொல்லும் எல்ஒய் ரிஜிஸ்டரில் 144 வரும்வரை காத்திருந்துதான் படங்களை மெமரியில் ஏற்றும். 456 க்ளாக்குக்கு ஒருமுறை எல்ஒய்யைக் கூட்டுங்கள். 153க்கு அடுத்து 0. ஒரு ஃப்ரேமுக்கு 70,224 க்ளாக் என்று கணக்கு சரியாக வரும்.

அதோடு ப்ராசசரைச் சோதித்தே ஆக வேண்டும். 'சிபியு இன்ஸ்ட்ரஸ்' என்ற டெஸ்ட் ராம் (கேம் போலவே ஏற்றி ஓட்டும் சோதனை ஃபைல்) இலவசம். 11 தனி ஃபைல்களையும் ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். தனித்தனியாக ஓட்டினால் மெமரி பேங்க் மாற்றும் வேலையை எழுதத் தேவையில்லை. முடிவு சீரியல் போர்ட்டில் எழுத்தெழுத்தாக வரும். அதை பிரின்ட் செய்தால் போதும், திரையே தேவையில்லை. 2வது ஃபைலுக்கு மட்டும் டைமரும் இன்டரப்டும் வேண்டும். அதைக் கடைசியில் பாருங்கள்.

பைத்தானில் 255+1 என்றால் 256தான் வரும், 0 ஆகாது. ஒவ்வொரு 8-பிட் கணக்குக்கும் பிறகு 255ஆல் மாஸ்க் செய்யுங்கள், அதாவது கீழ் 8 பிட்டை மட்டும் வையுங்கள். இருக்கும் இடத்திலிருந்து குதிக்கச் சொல்லும் ஜேஆர் கட்டளையில் 254 என்றால் -2, இரண்டு பைட் பின்னால் போகச் சொல்கிறது. முன்னால் குதித்தால் எங்கேயோ போய் விழும்.

அதிகம் பேர் மாட்டுவது ஹாஃப்-கேரியில், அதாவது கீழ் 4 பிட்டிலிருந்து மேலே 1 போனதைக் குறிக்கும் ஃப்ளாக்கில். ஸ்கோர் 28, அதோடு 19 கூட்ட வேண்டும். பத்தடிமான எண்ணை இலக்கம் இலக்கமாக வைக்கும் பிசிடி முறையில் ஒவ்வொரு இலக்கமும் 4 பிட். கீழ் இலக்கம் 8+9=17; 4 பிட்டில் 16 ஆனதும் மேலே 1 போய்விடும், 1 மிஞ்சும்; விடை 41. பிசிடி விடையைத் திருத்தும் டிஏஏ கட்டளை 6 சேர்த்தால்தான் 47. கீழே நிற்பது வெறும் 1, 9ஐத் தாண்டவில்லை. ஆகவே திருத்த வேண்டும் என்று சொல்ல ஹாஃப்-கேரி ஒன்றுதான் உண்டு. ஏடிசியில் (கேரியோடு கூட்டும் கட்டளை) உள்ளே வரும் கேரியையும் சேர்த்து ஹாஃப்-கேரி பாருங்கள். ஏட் ஹெச்எல் என்ற 16-பிட் கூட்டலில் ஹாஃப்-கேரி 11வது பிட்டிலிருந்து. ஸ்டாக்கிலிருந்து எடுக்கும் பாப் ஏஎஃப் செய்யும்போது, ஃப்ளாக்குகள் இருக்கும் எஃப் ரிஜிஸ்டரின் கீழ் 4 பிட்டும் 0. இதையெல்லாம் பஸ்ஸில் நோட்டில் போட்டுப் பார்க்கலாம், லேப்டாப் வேண்டாம்.

பைத்தான் முழு வேகத்துக்கு வராது, பரவாயில்லை. 11ம் பாஸானதும் சி மொழிக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் அதே 11 ஃபைலை ஓட்டிவிட்டு கிராபிக்ஸைத் தொடுங்கள்.