வெந்த பயறில் எவ்வளவு சத்து?

கேள்வி: கொண்டைக்கடலை பாக்கெட்டில் 100 கிராமுக்கு 20 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. 100 கிராம் சுண்டல் சாப்பிட்டால் அவ்வளவும் கிடைத்துவிடுமா? எந்தப் பயறில் சத்து அதிகம்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கிடைக்காது. பாக்கெட்டில் இருப்பது காய்ந்த கடலையின் கணக்கு. 100 கிராம் காய்ந்த கடலை ஊறி வெந்தால் 220 கிராமுக்கு மேல் வரும். அதனால் வெந்த கடலை 100 கிராமில் புரதம் சுமார் 9 கிராம்தான். ராஜ்மாவிலும் ஏறக்குறைய அதே அளவு. காராமணியில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு, பாசிப்பயறில் 7.

இதை வைத்துப் பாசிப்பயறைக் கடைசியில் தள்ளிவிடாதீர்கள். 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் 164 கலோரி, பாசிப்பயறில் 105தான். 100 கலோரிக்கு எவ்வளவு புரதம் என்று பார்த்தால் கடலையில் 5.4 கிராம், பாசிப்பயறில் 6.7 கிராம். பாசிப்பயறு அதிகத் தண்ணீர் குடித்திருக்கிறது, அவ்வளவே. எடை குறைக்க நினைப்பவருக்கு அதுதான் நல்லது.

சோயா பீன்ஸ் மட்டும் தனி ரகம்: வெந்த 100 கிராமில் புரதம் 16 கிராமுக்கு மேல், கூடவே கொழுப்பு 9 கிராம். ஆனால் கர்ப்பிணிகளுக்கு அவசியமான ஃபோலேட் என்ற பி வைட்டமினில் சோயா பின்தங்கிவிடும். அதில் 54 மைக்ரோகிராம், காராமணியில் 200க்கு மேல். கர்ப்பிணிகளுக்குக் காராமணிச் சுண்டலைத் தாராளமாகச் செய்து கொடுக்கலாம். டாக்டர் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்கு அது மாற்று ஆகாது.

கேள்வி: ஊறவைத்த ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் இரவு முழுக்க வேகவைத்தேன். சாப்பிட்ட இருவருக்கு வாந்தி. பயறு கெட்டுப்போயிருந்ததா? (வாசகர், கோவை)

பதில்: பயறு நன்றாகவே இருந்திருக்கலாம். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு. சரியாக வேகாத நாலைந்து பயறே வாந்தியைக் கிளப்பப் போதும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கும். ஸ்லோ குக்கரில் சூடு சில நேரம் 80 டிகிரியைக்கூடத் தொடாது. அந்த இளஞ்சூட்டில் பயறு மெத்தென்று ஆகிவிடும், நச்சோ அழியாது. மென்மையை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிறகு வேண்டுமானால் ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். பிரஷர் குக்கரானால் கவலையே இல்லை, அதில் சூடு 120 டிகிரியை நெருங்கும். முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து 20 நிமிடம் விடுங்கள். விரலால் நசுக்கும்போது நடுவில் நறநறவென்று இருந்தால் இன்னும் வேக வேண்டும்.

கேள்வி: ஊறவைத்த தண்ணீரோடு சத்தும் போய்விடாதா? சோடா உப்பு போடலாமா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: கொஞ்சம் பி வைட்டமினும் தாதுக்களும் போகும். கூடவே வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கும் போகும். வயிற்றுக்கு அது லாபமே. ஆனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்தில் சேருங்கள். (சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைப்பவர்கள் மட்டும் அதையும் வடித்துவிட வேண்டும்.)

சோடா போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும். ஊறவைக்கும் தண்ணீரில் கல் உப்பு போட்டாலே தோல் இளகும். புளி, தக்காளியைப் பயறு வெந்த பிறகே சேருங்கள், புளிப்பு பட்டால் வேகாமல் விறைத்துக்கொள்ளும். எலுமிச்சையையும் இறக்கிய பின் பிழியுங்கள், இரும்புச்சத்து உடலில் சேர உதவும். சுண்டலோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும்.

கேள்வி: முளைகட்டினால் புரதம் இரட்டிப்பாகுமா? (வாசகர், தேனி)

பதில்: ஆகாது. முளை நீள நீளத் தண்ணீர்தான் ஏறும். கூடுவது வைட்டமின் சி. பச்சையாகத் தின்றால் அது முழுசாகக் கிடைக்கும் என்பது சரிதான், ஆனால் முளைக்கும் ஈரச்சூட்டில் கிருமிகளும் பெருகும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.