தீவின் கிணறு

அன்புள்ள அம்மா,

நான் காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்தவன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சித்ரா பௌர்ணமியை ஒட்டி நண்பர்கள் ஆறு பேர் தாய்லாந்து போய் வந்தோம். கோ பங்கன் தீவின் ஹாட் ரின் கடற்கரையில் நடக்கும் முழுநிலவு விருந்தில் விடியும்வரை ஆடினோம். பிறகு பீபீ தீவில் மூன்று நாள் தங்கி, படகில் சென்று மாயா விரிகுடாவைப் பார்த்தோம். "காசைக் கொட்டிக் கூத்தடிக்கப் போனாயா?" என்று அப்பா இன்றுவரை பேசுவதில்லை.

என் கேள்வி வேறு. அவ்வளவு அழகான இடத்தில் நின்றும், உங்கள் கட்டுரைகளைப் படிக்கும்போது வருகிற மன நெகிழ்ச்சி எனக்கு அங்கே வரவில்லை. குறை என்னிடமா, இடத்திடமா? மாயா விரிகுடாவில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடவில்லை. கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பீபீயில் விடுதிக் குளியலறைத் தண்ணீர் உப்புக் கரித்தது. ஓர் இரவுக்கு நாலாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு நல்ல தண்ணீர்கூடத் தராத அந்த விடுதிக்கு இணையத்தில் இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தேன். அடுத்த ஆண்டு பாலிக்குப் போகலாமா, மாலத்தீவுக்கா? உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

ம., காவேரிப்பட்டணம்

*

அன்புள்ள ம.,

உங்கள் அப்பாவின் கோபத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. இரவெல்லாம் விழித்திருந்து ஆடுவதை ஒரு பாவமாக என்னால் எண்ண முடியாது. நாலு நாள் அவரோடு தோட்டத்துக்குப் போய் வாருங்கள், பேசிவிடுவார்.

மாயா விரிகுடாவில் முழங்காலோடு நிறுத்திவிட்டார்கள் என்ற குறைக்கும் ஒரு பத்திதான். அந்தச் சிறிய வளைவுக்குள் ஒரே நாளில் ஐயாயிரம் பேர் வரை இறங்கிய காலம் ஒன்று இருந்தது. படகுகள் போட்ட நங்கூரங்கள் பவளத்தை உடைத்தன. 2018 ஜூன் மாதம் தாய்லாந்து அரசு அதை மூடியது. 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது, பின்பக்கம் இறக்கிவிட்டு நடத்திக் கூட்டிப் போகிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த ஆண்டுகளில், கரையோரத்து ஆழமற்ற நீருக்குக் கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்தன. நீங்கள் நின்ற முழங்கால் தண்ணீருக்கு அப்பால் அவற்றின் குட்டிகள் நீந்திக்கொண்டிருந்திருக்கலாம். உங்களைத் தடுத்த காவலருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி அது. குளியலறைத் தண்ணீர் உப்புக் கரித்தது. அதற்காக இரண்டு நட்சத்திரம் கொடுத்தீர்கள். இதை எழுதியது ஒரு சென்னைக்காரராகவோ மும்பைக்காரராகவோ இருந்திருந்தால் நான் பேசாமல் கடந்திருப்பேன். காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பிள்ளை இப்படி எழுதியதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

எங்கள் வீடு பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையோரம் இருந்தது. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே ஊருக்கு அரசு போர் போட்டு அடிபம்பு வைத்துக்கொடுத்திருந்தது. கிணறுகள் வற்றிக் கிடந்த ஊரில் அது தெய்வம்போல வந்தது. பம்பின் தலைக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள் என்று அம்மா சொல்வாள். அந்தத் தண்ணீரை இரண்டு குடமாக இடுப்பிலும் தலையிலும் சுமந்துதான் நானும் அக்காவும் வளர்ந்தோம். அதில் இருந்த உவர்ப்பு நாக்குக்குத் தெரிந்தது. கூடவே இருந்த ஃப்ளூரைடு நாக்குக்குத் தெரியவில்லை. அதற்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் பக்கத்துப் பாறைகளில் ஃப்ளூரைடு உண்டு. போர் ஆழமாகப் போகப் போக அது நீரில் கூடுதலாகக் கரைந்து வந்தது.

அக்காவுக்குப் பால்பல் விழுந்து முளைத்த பற்கள் பழுப்புக் கோடுகளோடு வந்தன. அடுப்புக்கரி, செங்கல்பொடி, உப்பு என்று எதை வைத்துத் தேய்த்தாலும் அந்தக் கோடு போகாது, அது பல்லுக்குள்ளேயே இருப்பது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் சிரிக்கவே மாட்டேன் என்கிறாளே, மனசுக்குப் பிடிக்கவில்லையோ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இன்றும் அவள் சிரிக்கும்போது முந்தானை வாய்க்குப் போய்விடும். அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் கழுத்து இறுகிப் போனது. பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப வராது, உடம்போடு மெதுவாகத் திரும்புவார். இத்தனைக்கும் காவிரி எங்கள் வாசலிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மாவட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு மேட்டூருக்கும் அதற்கப்பால் தஞ்சைக்கும் போயிற்று. எங்கள் குடத்துக்கு வரவில்லை.

ஒரு ஆடிப்பெருக்கு நாள். ஒகேனக்கலில் குளித்து, பரிசலில் சுற்றி, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய ஒரு கார் எங்கள் வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா பித்தளைச் சொம்பைப் புளிபோட்டு விளக்கி, பானையிலிருந்து மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே தரையில் துப்பினார். "இதையா குடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு மீதியைக் கொட்டி, சொம்பைத் திண்ணையில் வைத்தார், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்தார். அம்மா அவரை ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொட்டிய இடத்தில் மண் ஊறிக் கறுத்திருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ரூபாயைத் தொட எங்களையும் விடவில்லை. அடுத்த நாள் பிச்சை கேட்டு வந்த கிழவருக்குப் போட்டாள்.

தம்பி, நீங்கள் கொடுத்த இரண்டு நட்சத்திரம் அந்த ஒரு ரூபாய்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாததையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தங்கிய பீபீ தோன் எப்படிப்பட்ட இடம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு சுண்ணாம்புக்கல் குன்றுகளை ஒரு மெல்லிய மணல்திட்டு இணைக்கிறது. அந்தத் திட்டின் மேல்தான் ஊர், சந்தை, விடுதிகள், மதுக்கடைகள் எல்லாம். ஒரு பக்கம் தோன்சாய் விரிகுடா, மறுபக்கம் லோ தாலம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்த இரண்டு விரிகுடாக்கள் வழியாகவும் ஏறி வந்து அந்த ஊரைத் துடைத்துப் போட்டது. மிஞ்சியவர்கள் திரும்ப வந்து அதே மணலில் கட்டிய கட்டடங்களில்தான் நீங்கள் தூங்கினீர்கள். அங்கே ஆறு கிடையாது. மழை தருவதுதான் தண்ணீர். அதைத் தேக்கி வைக்கவும் மணலில் கிணறு தோண்டி எடுக்கவும் வேண்டும். நீங்கள் போனதோ கோடையின் உச்சத்தில். 2024 கோடையில் அந்தத் தீவில் தண்ணீர் தீர்ந்துபோகும் நிலையே வந்தது.

மணல் தீவில் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு கிணற்றடியில் நின்று தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் மகளோடு கொச்சியிலிருந்து கப்பலில் லட்சத்தீவுக்குப் போனேன். கல்பேனியில் பகலில் மட்டும் இறங்கினோம். காயலின் நிறத்தைப் பார்த்து எல்லோரும் வாயடைத்துப்போய் நிற்க, எனக்கு வெயிலில் தலை சுற்றியது. தென்னந்தோப்புக்குள் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். வீட்டுக்கார அம்மாள் கொல்லைப்புறக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார். என் உயரத்தைவிடச் சற்றே ஆழம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் நூற்றுக்கணக்கான அடி துளைத்தும் வராத தண்ணீர், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கையெட்டும் ஆழத்தில் தெளிந்து கிடந்தது. நான் வாளியைத் தொபீரென்று போட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அவருடைய மலையாளம் பாதிதான் புரிந்தது, கை சொன்னது முழுக்கப் புரிந்தது. மெதுவாக, மேலாக மொள்ள வேண்டும். கிணற்றின் உள்சுவரில் ஓர் ஈரக்கோடு தெரிந்தது. கடல் ஏறும்போது கிணற்றுத் தண்ணீர் அந்தக் கோடுவரை ஏறும், கடல் இறங்கும்போது இறங்கும் என்று விரலால் காட்டினார்.

அந்தத் தண்ணீர் பாறைமேல் நிற்கவில்லை. கடல்நீரின் மேல் மிதக்கிறது. மழைநீர் இலேசானது, கடல்நீர் கனமானது, ஆகவே மணலுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டும் கலக்காமல் நிற்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நல்ல தண்ணீர் அதைத் தாங்கி நிற்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மோட்டார் வைத்து இறைத்து மேலே ஓரடி குறைத்தால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். ஏறிய உப்பு சீக்கிரம் இறங்காது. பல மழை பெய்து அதைத் திரும்பக் கீழே தள்ள வேண்டும். உங்கள் குளியலறைக் குழாயில் வந்த உப்பு, விடுதிக்காரர் கஞ்சத்தனத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு முன்னால் அந்தத் தீவில் குளித்தவர்கள் எல்லோரும் மேலே ஏற்றிவிட்ட உப்பு அது. ஆறு பேர் மூன்று நாள் இரண்டு வேளை குளித்ததில் நீங்களும் கொஞ்சம் ஏற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

மாலத்தீவைக் கேட்டீர்கள். அதன் தலைநகர் மாலேயில் நிலத்தடி நல்ல தண்ணீரை இறைத்துத் தீர்த்துவிட்டார்கள், கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள். 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேர் வாழும் நகரத்தில் குழாய்கள் நின்றுபோயின. நம் விமானப்படை விமானங்களும் கடற்படைக் கப்பல்களும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தன. தாய்லாந்தின் கோ சமுய் தீவுக்கு நிலப்பகுதியிலிருந்து கடலடியில் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். லட்சத்தீவின் கவரத்தியில், சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் ஓர் ஆலை அமைத்தது. மேற்பரப்புக் கடல்நீரின் வெப்பத்தையும் ஆழத்து நீரின் குளிர்ச்சியையும் கொண்டே கடல்நீரை ஆவியாக்கிக் குளிரவைத்து, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்கும் ஆலை. அதைப் படித்தபோது அந்தக் கல்பேனி அம்மாளின் கை நினைவுக்கு வந்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாலியில் கதை வேறு. அங்கே மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டுக்கொள்ள சுபக் என்ற உழவர் அமைப்பு ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அதற்குத் தண்ணீர்க் கோயில்கள் உண்டு, 2012இல் யுனெஸ்கோ அதை உலக மரபாக அறிவித்தது. அந்த வயல்களை விற்றுத்தான் நீச்சல்குள மாளிகைகள் எழும்புகின்றன. எங்கே வேண்டுமானாலும் போங்கள். கடற்கரையில் ஆடுங்கள், உங்கள் வயதில் ஆடாமல் எப்போது ஆடுவது? ஆனால் இறங்கியதும், இங்கே குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரிடமாவது கேளுங்கள். மன நெகிழ்ச்சி வரவில்லை என்றீர்களே, அதற்கு என்னிடம் வேறு மருந்து இல்லை. யார் வீட்டில் நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றால் எந்தக் காட்சியும் காலண்டர் படம்தான்.

எங்கள் பக்கத்துக்கும் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது, ஜப்பான் கடனுதவியோடு. உங்கள் மாவட்டத்துக்கும் சேர்த்துத்தான் அந்தத் திட்டம். உங்களுக்கு நினைவிருக்கும் வயதுதான். அக்கா முதல் குடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, குடிக்காமல், சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அவள் பேத்திக்கு இப்போது ஏழு வயது. முன்பல் இரண்டு புதிதாக முளைத்திருக்கின்றன. போன மாதம் போயிருந்தபோது, அவளை மடியில் கிடத்தி, உதட்டை விரலால் விலக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி எனக்குக் காட்டினாள் அக்கா. வெள்ளை வெளேரென்று இருந்தன.

இணையத்தில் நீங்கள் எழுதிய அந்த மதிப்பீட்டை இன்றே நீக்கிவிடுங்கள். முடிந்தால் விடுதிக்காரருக்கு நாலு வரி எழுதி, கோடையில் எங்கிருந்து தண்ணீர் கொண்டுவருகிறார், ஒரு லாரிக்கோ ஒரு படகுக்கோ எவ்வளவு கொடுக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கும் அனுப்புங்கள்.