பையனை டிஃபென்சிவ் லைனுக்குக் கூப்பிடுகிறார் கோச், நம்பி விடலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது. டாலஸ் பக்கம் வந்து எட்டு மாதம், எச்-1பி விசா, கிரீன் கார்டு வேலை இன்னும் தொடங்கவில்லை. மகன் பத்தாவது படிக்கிறான். 6 அடி 1 அங்குலம், 220 பவுண்டு. தோளைப் பார்த்துவிட்டு ஹைஸ்கூல் கோச் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு, அதுவும் டிஃபென்சிவ் லைனுக்குக் கூப்பிடுகிறார். "என்எஃப்எல்லில் கோடிக்கணக்கில் சம்பளமாமே, அந்தப் பக்கம் விடலாமா அண்ணா?" என்கிறீர்கள்.

விளையாட விடுங்கள், என்எஃப்எல் என்கிற அந்தத் தொழில்முறை லீக்கின் சம்பளத்தை நம்பி விடாதீர்கள். அந்தச் சம்பளம் வாரக் கூலி. அதை விளக்குவதற்கு முன்னால் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம்.

பந்துக்கு எதிரே கையைத் தரையில் ஊன்றி நிற்கிற மூன்று நான்கு பேர்தான் டிஃபென்சிவ் லைன். நட்டநடுவில் நிற்பவர் நோஸ் டேக்கிள், 320 பவுண்டுக்கு மேலும் இருப்பார். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராமல் நிற்பது அவர் வேலை. பேப்பரில் பெயர் வராது. அவருக்குப் பக்கத்தில், எதிரணி லைனில் நடு ஆளுக்கு அடுத்து நிற்கிற 'கார்டு' என்பவரின் வெளித்தோளைப் பார்த்து நிற்பவரை '3-டெக்னிக்' என்பார்கள், 290 முதல் 305 பவுண்டு. ஓரத்தில் நிற்கிற எட்ஜ் 250 முதல் 275. எதிரணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை வளைத்துப் பிடிப்பது அவர்தான், பெரிய பணமும் அங்கேதான். உங்கள் பையன் 6-1லேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் உள்பக்கம்தான் இடம். கை நீளம் 33 அங்குலத்துக்குக் குறைந்தால், ஆள் தேடி வருகிற ஸ்கவுட்டுகள் யோசிப்பார்கள். என்எஃப்எல்லில் உள்பக்கம் ஆடிப் பெயர் வாங்கிய ஆரன் டோனல்டும் 6-1தானே என்று யாராவது சொல்வார்கள். அவர் 285 பவுண்டு உடம்போடு 40 கஜத்தை 4.68 விநாடியில் ஓடியவர், சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதை மூன்று முறை வாங்கியவர். அவரை வைத்துக் கணக்குப் போட முடியாது.

மைதானத்துக்குப் போனால் பந்தைத் தேடாதீர்கள், பையனின் முதல் அடியைப் பாருங்கள். பந்து அசைந்ததும் கிளம்ப வேண்டும், குரலைக் கேட்டு அல்ல. குவார்ட்டர்பேக் வேண்டுமென்றே குரலை ஏற்றி இறக்கி ஏமாற்றுவார். முந்திப் பாய்ந்தால் 5 கஜம் அபராதம். முதல் அடி சின்னதாக இருக்க வேண்டும், இடுப்பு எதிராளியின் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், இரண்டு கையும் அவன் கைகளுக்கு உள்பக்கமாகப் போய் நெஞ்சுப் பட்டையைப் பிடிக்க வேண்டும். புதிதாக வரும் உயரமான பையன்கள் எல்லாரும் செய்கிற தப்பு, கிளம்பும்போதே நிமிர்ந்துவிடுவது. நிமிர்ந்தால் நெஞ்சு திறந்துகொள்ளும், எதிராளி கீழே புகுந்து பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடுவான். அதனால்தான் தலைக்கு மேல் கம்பி அடித்த தாழ்ந்த கூண்டுக்குள்ளிருந்து குனிந்தபடியே கிளம்பப் பழக்குவார்கள். உங்கள் பள்ளியில் அந்தக் கூண்டு தினமும் பயன்படுகிறதா என்று பாருங்கள். கோச்சின் தரம் அதிலேயே தெரிந்துவிடும்.

பத்தாவதில் தொடங்குவது தாமதமா என்றால், இந்த இடத்துக்கு அவ்வளவு தாமதமில்லை. கானாவிலிருந்து பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த ஸிகி அன்சா 2010இல்தான் இந்த ஆட்டத்தைத் தொட்டார். என்எஃப்எல் அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2013 டிராஃப்டில் ஐந்தாவது ஆளாக டெட்ராய்ட் லயன்ஸ் அணி அவரை எடுத்தது. 2015இல் 14.5 சாக். சாக் என்றால் பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது. ஆனால் அவர் 6-5, ஓட்டப் பந்தய வேகமும் இருந்தது. 2018இல் தோள்பட்டை போனதும் இறங்குமுகம்தான்.

இப்போது வாரக் கூலிக் கதை. நாடு முழுக்க ஹைஸ்கூலில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் ஆடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் டிராஃப்டில் எடுப்பது சுமார் 257 பேரை, எல்லா இடத்துக்கும் சேர்த்து. ஹைஸ்கூல் முடித்து மூன்று வருடம் ஆகாமல் அதில் நுழையவே முடியாது. கோடையில் ஒரு அணி 90 பேரை வைத்துப் பழக்கும், ஆகஸ்ட் கடைசியில் 53 பேராகக் குறைக்கும். 32 அணியிலும் சேர்த்து ஏறக்குறைய 1,180 பேர் வீட்டுக்கு. அவர்களில் அணிக்குப் பதினாறு பேர்வரை பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் பிராக்டிஸ் ஸ்குவாடில் தொற்றிக்கொள்ளலாம். 2025 கணக்கில் அதற்கு வாரம் 13,000 டாலர்தான் தொடக்கக் கூலி.

53இல் இடம் பிடித்த புதியவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 8,40,000 டாலர். அது 18 வாரமாகப் பிரிந்து வரும், வாரத்துக்குச் சுமார் 46,600. ஆறாவது வாரம் கழற்றிவிட்டால் 2,80,000தான் கையில். அதிலும் வரி போகும், ஏஜெண்டுக்கு 3 சதவீதம்வரை போகும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் போய் ஆடினால் அங்கே வேலை செய்த நாட்களுக்கு அவர்கள் வரி கேட்பார்கள். நான்கு வருட ஒப்பந்தம் என்று செய்தியில் வருவதில் உறுதியானது பெரும்பாலும் கையெழுத்து போனஸும் டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்த ஆட்களின் சம்பளமும்தான். பென்ஷனுக்கும், ஓய்வுக்குப் பிறகு ஐந்து வருட மருத்துவக் காப்பீட்டுக்கும் மூன்று சீசன் தேறியிருக்க வேண்டும், சீசனுக்குக் குறைந்தது மூன்று ஆட்டம் அணிக் கணக்கில் இருந்தால்தான் தேறும். வீரர் சங்கமே சராசரி ஆட்டக்காலம் 3.3 வருடம் என்று சொல்கிறது. விளிம்பு எவ்வளவு மெல்லியது பாருங்கள்.

உடம்பைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். லைனில் நிற்பவனுக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒவ்வொரு முறை பந்து கிளம்பும்போதும் தலை மோதும். மயக்கம் போடுகிற அடியைவிட, கணக்கில் வராத இந்தச் சின்னச் சின்ன மோதல்கள்தான் கவலை. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆராய்ந்த 111 என்எஃப்எல் வீரர்களின் மூளைகளில் 110இல் சிடிஇ என்ற சிதைவு இருந்தது. அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே அதிகம் தானம் கொடுத்திருப்பார்கள், அதனால் எல்லாருக்கும் அதே விகிதம் என்று எடுக்கக்கூடாது. ஆனாலும் லேசாக எடுக்கவும் முடியாது. தலையில் அடி பட்ட அன்றைக்கே மறுபடி இறங்கக் கூடாது, பையன் "ஒண்ணுமில்லப்பா" என்றாலும்.

எடையும் அப்படித்தான். கோச் 260 பவுண்டுக்கு ஏற்றச் சொல்வார். 100 கிலோ பையனுக்குத் தினமும் 160 முதல் 200 கிராம் புரதம் வேண்டும், நாலு இட்லியில் எட்டு கிராம்கூடத் தேறாது. முட்டை, கோழி, தயிர், பருப்பு என்று பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். சோற்றையும் பீட்சாவையும் தள்ளி ஏற்றினால் வயிறுதான் வரும். நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம், எனவே வருடம் ஒருமுறை ஏ1சி என்கிற சர்க்கரைப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். குறட்டை அதிகமானால் தூக்க மூச்சுத்திணறல் இருக்கிறதா என்றும் காட்டுங்கள். ஆகஸ்ட் வெயிலில் முதலில் சுருண்டு விழுவது லைன்மேன்தான். மைதானத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டி நிரப்பி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வெப்பத்தாக்கில் விழுந்தவனை முதலில் அதில் குளிர்வித்துவிட்டு, பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும்.

உங்கள் நிலையில் இதையெல்லாம்விட முன்னால் நிற்பது விசா. எச்-1பி ஆளின் குடும்பத்துக்குத் தருகிற எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. கல்லூரியில் ஆடும்போது விளம்பரத்துக்கும் பெயருக்கும் வருகிற பணம், என்ஐஎல் என்பார்கள், அதில் கையெழுத்துப் போட்டால் விசா நிபந்தனையை மீறியதாக ஆகலாம். கூட ஆடுகிறவர்கள் வாங்குகிறார்களே என்று போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். அதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அங்கேயும் அந்தப் பணத்தில் இதே சிக்கல்தான். படிப்பு, தங்குமிடம், சாப்பாட்டுக்கான ஸ்காலர்ஷிப் வேறு, அதை வாங்குவது வேலை ஆகாது. எதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். என்எஃப்எல் அணி எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால் விளையாட்டு வீரர்களுக்கான பி-1ஏ விசாவுக்கு அணியே மனு போடும். அதுவரைக்கும் காகிதம் உங்கள் பொறுப்பு.

கல்லூரிக் கதவுக்கு, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் 16 கோர் பாடங்களும், அதாவது முக்கியப் பாடங்களும், அவற்றில் 2.3 ஜிபிஏவும், அதாவது மதிப்பெண் சராசரியும் வேண்டும். பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாவது தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும், அதில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் இருக்க வேண்டும். கவுன்சிலரைப் பார்த்து எவை கோர் பாடம் என்று பட்டியல் வாங்குங்கள். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் ஆட்டத்துக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது, மார்க்குக்கு உண்டு. படிக்கிற பையனுக்கு அது நல்ல வழி. "கல்லூரிகளுக்கு அறிமுகம் செய்கிறோம், 3,000 டாலர் கட்டுங்கள்" என்று வருகிறவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஹடல் என்கிற ஆட்ட வீடியோ தளத்தில் ஏற்றிய மூன்று நான்கு நிமிட வீடியோவைக் கோச் அனுப்பினாலே பார்ப்பார்கள், நல்ல ஆட்டத்தை முதல் அரை நிமிடத்தில் வையுங்கள்.

இன்னொன்று, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மார்க் பார்ப்பார்கள். பையன் ஒன்பதாவதை ஊரில்தானே முடித்தான்? பள்ளி முத்திரையோடு அந்த மார்க் ஷீட்டை இப்போதே ஆள் அனுப்பி வாங்கிவிடுங்கள், தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து.