கோலாலம்பூரில் நம் நடுத்தரக் குடும்பங்கள் தாத்தா காலத்தைவிட வசதியாக வாழ்கின்றனவா?

வசதியில் ஆம்; கையிருப்பில் சந்தேகம்தான். தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் பொதுக்குழாயை விட்டு அடுக்குமாடிக்கு வந்தது லேசான ஏற்றமில்லை.

ஆனால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) மாதச் சம்பளத்தைப் பிரித்துப் பாருங்கள். இபிஎஃப் என்னும் ஓய்வுக்கால சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 550. நான்கு லட்சம் வீட்டுக்கடனுக்கு 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுக்கு மாதம் சுமார் 1,771. காருக்கு 60,000 கடன், முழு முதலுக்கும் ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி, 9 ஆண்டு: மாதம் 706. மிச்சம் 1,973. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), பெட்ரோல், டோல், மளிகை, டியூஷன் எல்லாம் இதற்குள்தான். ஒற்றைச் சம்பளத்தில் மூச்சு முட்டும்.

பலர் சறுக்குவது வரிசையில்: வேலை கிடைத்ததும் முதலில் கார். வங்கி வீட்டுக்கடனுக்குத் தகுதி பார்க்கும்போது அந்தத் தவணையையும் கழிக்கும். மாதம் 706 என்பது, மேற்சொன்ன 4 விழுக்காடு, 35 ஆண்டுக் கணக்கில், ஏறக்குறைய 159,000 வெள்ளி வீட்டுக்கடனுக்குச் சமம்.